விதை நெல்லை விற்றால் வழக்கு வருமா?

சொந்த வயலில் விளைந்த நெல்லை விதைக்கென்று பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றால் கேஸ் வரும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. டீக்கடையில் மட்டுமல்ல, விதைத் திருவிழாவுக்கு வந்தவர்களிடமே இதைக் கேட்கலாம். பயம் சும்மா வரவில்லை. 2019 ஏப்ரலில் குஜராத்தின் சாபர்காந்தா மாவட்டத்து உருளைக்கிழங்கு விவசாயிகள் நால்வர் மீது பெப்சிகோ நிறுவனம் அகமதாபாத் வணிக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சிப்ஸுக்கென்று தான் பதிவு செய்து வைத்திருந்த எஃப்.எல். 2027 ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகக் குற்றம்சாட்டி, ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது.

வழக்குப் போட்ட செய்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. எதிர்ப்பு வலுத்து மே மாதமே நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்ற செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. அதற்குப் பின் கதை நீளம். அந்த ரகத்தின் பதிவையே ரத்து செய்யும்படி விவசாயிகள் சார்பாகச் செயல்படும் கவிதா குருகந்தி மனுக் கொடுத்தார். 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் பதிவை ரத்து செய்தது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தை நீக்கியது. இந்த இழுபறி முழுக்க நிறுவனத்தின் பதிவு செல்லுமா, செல்லாதா என்பதைப் பற்றியது. விவசாயி விதை வைத்துக்கொள்ளும் உரிமை அப்போதும் சட்டத்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்தச் சட்டம், 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம். பிரிவு 39-ஐ ஒருமுறை படித்துவிட்டால் டீக்கடைப் பேச்சுக்குப் பதில் கிடைத்துவிடும். தன் வயலில் விளைந்ததை, விதை உட்பட, உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், அடுத்த போகத்துக்கும் விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதையே தொடரலாம். கம்பெனி பதிவு செய்த ரகமாக இருந்தாலும் இதுதான் நிலை. தடை ஒன்றே ஒன்று: பதிவு பெற்ற ரகத்தை அதன் பெயர் போட்டுப் பையில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. சாக்கில் கட்டி, "போன சம்பாவுக்கு நான் போட்டதுங்க, நல்லா வந்துச்சு" என்று சொல்லிக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இன்னொருவருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் மீறியிருந்தால், பிரிவு 42 உழவருக்குத் துணை நிற்கும்.

1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. அதன் 24-ஆம் பிரிவே, தான் விளைவித்த விதையைத் தன் இடத்தில் வைத்து, விதைக்கப் போகிறவருக்கே நேராகக் கொடுப்பவருக்கு விலக்குத் தருகிறது. நாலு பேரிடம் வாங்கிச் சேர்த்துக் கடை போட்டோ, ஆன்லைனிலோ விதை வியாபாரம் செய்யத் தொடங்கினால் கதை வேறு. அதற்கு வேளாண் துறையில் உரிமம் எடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இவ்வளவு தாராளமாக ஒரு சட்டம் எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு. அதைப் பார்க்கச் சாப்பாட்டுத் தட்டுக்கு வர வேண்டும்.

பிபிடி அரிசியின் பூர்வீகம்

தமிழ்நாட்டு வீடுகளில் பிபிடி என்றும் ஆந்திரா பொன்னி என்றும் வாங்கும் அரிசி, 1986-ல் ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிபிடி 5204. சம்பா மசூரி என்பது அதன் இன்னொரு பெயர். அதன் பெற்றோர் மூவர். ஒன்று ஜி.இ.பி. 24. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் கோனாமணி என்ற நாட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்தது. நம் ஊர் மக்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்றே அழைத்தார்கள். சோற்றின் சன்னமும் சுவையும் அதன் வழி வந்தவை. இரண்டாவது தைவானின் டைச்சுங் நேட்டிவ் 1. பயிர் சாயாமல் குட்டையாக நிற்கும் குணம் அதனுடையது. மூன்றாவது மலேசியாவின் மசூரி. இந்த மசூரியிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் நம் வெள்ளைப் பொன்னியும்.

ஆக, ‘நம்ம பொன்னி’ என்று நாம் உரிமை கொண்டாடும் அரிசியில் மூன்று நாட்டு உழவர்களின் விதை கலந்திருக்கிறது. நாட்டு ரகம் பேசுகிறவர்களில் சிலர் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். வெளியூர் விதை என்றாலே கெட்டது என்ற பிடிவாதம் வரலாற்றுக்கு ஒத்து வராது. விதை என்றைக்கும் ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது. கவலைப்பட வேண்டியது, போன இடத்திலெல்லாம் அது மற்ற எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டுத் தான் மட்டும் நிற்கும்போதுதான்.

கதை இத்தோடு முடியவில்லை. பிபிடி 5204-க்குப் பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கும் சக்தி இல்லை. ஹைதராபாத் விஞ்ஞானிகள் அதைச் சரிசெய்ய மூன்று மரபணுக்களைச் சேர்த்து, 2008-ல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டார்கள். அந்த மூன்றில் எக்ஸ்.ஏ. 21 என்பது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் வளரும் ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. யாரும் விதைத்துப் பயிரிடாத புல் அது. களை என்று பிடுங்கிப் போட்டிருந்தால் கேட்பார் இருந்திருக்க மாட்டார்கள்.

டெல்டாவில் வெள்ளம் நின்றாலும் தாங்கும் என்று போடுகிற சி.ஆர். 1009 சப் 1 ரகத்திலும் இதே கதைதான். சப் 1 என்ற அந்தக் குணம் ஒடிசாவின் பள்ளக்கால் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. அந்த நெல் விளைச்சலில் சுமார், சோறும் மோட்டா. தண்ணீருக்குள் முழுகி இரண்டு வாரம் மூச்சடக்கி இருக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு வித்தைக்காக ஒடிசாக் குடும்பங்கள் அதை விடாமல் போட்டு வந்தன. எந்த அரசும் அவர்களுக்கு அதற்காகக் கூலி கொடுத்ததில்லை.

எல்லா வயலிலும் ஒன்றே இருந்தால்

புகையான் பூச்சி விழுந்த வயலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காலையில் வட்டமாக ஒரு மஞ்சள் திட்டு. நாலு நாளில் தீய்ந்து போன வைக்கோல். 1973-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், புகையானைத் தாங்கும் முதல் நவீன ரகமாக ஐ.ஆர். 26-ஐ வெளியிட்டது. தாங்கும் மரபணு ஒன்றே ஒன்று, போட்ட பரப்போ ஏராளம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைத் தின்னப் பழகிய புகையான் பெருகிவிட்டது. பிறகு வேறு மரபணுக்களைத் தேடி விஞ்ஞானிகள் போன இடங்களில் நம் பக்கத்துப் பட்டாம்பியும் ஒன்று. பழைய சென்னை மாகாணத்தில் இருந்த அந்தக் கேரள ஆராய்ச்சி நிலையத்தின் பி.டி.பி. 33, உலகம் முழுக்கப் புகையான் எதிர்ப்புக்குக் கடன் கொடுத்த நெல்.

அதே காலத்தில் புல் குட்டை வைரஸ் என்று இன்னொரு தொல்லை. 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தும் எதுவும் தாங்கவில்லை. கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல் மாதிரி மட்டும் தாங்கியது. அதன் மரபணுவைத் தாங்கிய ஐ.ஆர். 36 ஒரு கட்டத்தில் உலகில் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரானது. அந்த ஒரு கைப்பிடி காட்டு நெல் கிடைத்த ஓடைக்கரை அதற்கு முன்பே பிளாட் போடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் தூக்கம் வராது.

நெல்லோடு நிற்கிற ஆபத்தும் அல்ல இது. 1970-ல் அமெரிக்காவின் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி ஒரே தாய்வழிக் குணம் கொண்ட கலப்பினமாக இருந்தது. அந்தக் குணத்தையே குறிவைத்த ஒரு பூஞ்சை நோய் அந்த ஆண்டு நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அழித்தது. நமக்கு நெருக்கமான பாடம் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் இருக்கிறது. மலைவாழை என்றால் ஒரு காலத்தில் சிறுமலைதான். வாழைக்கு விதை கிடையாது, கன்று வைத்துத்தான் பெருக்கம், அதனால் தோப்பு முழுக்க ஒரே தாயின் நகல். 1970-களில் முடிக்கொத்து நோய் நுழைந்தபோது எந்த மரமும் மற்ற மரத்திலிருந்து வேறுபட்டு நிற்கவில்லை. தோப்புகள் வரிசையாகப் போயின. இன்றைக்கும் விருப்பாச்சி மலைவாழை கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் கிடைக்கிறது, 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பழைய பரப்பு திரும்ப வரவே இல்லை. குறியீடு, பெயரை அடுத்தவர் திருடாமல் காக்கும். கன்றை நோயிலிருந்து காக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

வங்கியில் போட்டாயிற்றே?

டெல்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது. மைனஸ் 18 டிகிரி குளிரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல் விஞ்ஞானி ராமையா பெயரில் ஒரு வங்கி. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த பனிப் பாதாள அறை. பிறகு வயலில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதிகாரிகளிலும்.

வங்கி வேண்டும், சந்தேகமில்லை. சிரியாவின் அலெப்போவில் இருந்த விதை நிலையம் போரில் முடங்கியபோது, ஸ்வால்பார்டில் பிரதி வைத்திருந்ததால்தான் 2015-ல் அந்த விதைகளை எடுத்து மறுபடி பெருக்க முடிந்தது. ஆனால் வங்கியும் எரியும், முழுகும். பிலிப்பைன்ஸ் தேசிய மரபு வள நிலையத்தை 2006-ல் புயல் வெள்ளத்தின் சேறு மூடியது. எஞ்சியதில் ஒரு பகுதியை 2012-ல் தீ தின்றது.

அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் உண்டு. வங்கியில் இருக்கிற விதை, எடுத்த வயதிலேயே நிற்கிற போட்டோ மாதிரி. வயலில் இருக்கிற விதை ஒவ்வொரு வருஷமும் புதுப் பூச்சி, புது வறட்சி, மாறுகிற பருவமழை எல்லாவற்றோடும் மோதி, தாங்கியதை மட்டும் அடுத்த போகத்துக்கு அனுப்புகிறது. இன்னொன்று, எல்லா விதையும் குளிருக்குள் போகாது. மா, பலா, தென்னை இவற்றின் விதை காய்ந்தாலே செத்துவிடும். இவற்றுக்குத் தோப்பும் கொல்லையும்தான் வங்கி. பண்ருட்டிப் பக்கம் கொட்டையிலிருந்து முளைத்த ஒவ்வொரு பலாவும் சுளை நிறத்திலும் நாரிலும் இனிப்பிலும் தனித்தனி ஆள். வீட்டைப் பெரிதாக்க ஒரு மரத்தை வெட்டினால், உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்று போயிருக்கலாம்.

இதற்கு மாற்று உண்டு என்பதற்குக் கர்நாடகத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. தும்கூரு மாவட்டத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில் செம்பு நிறச் சுளையோடு ஒரு பலா நின்றது. பெங்களூரின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதைச் சோதித்து, அந்தக் குடும்பப் பெரியவரின் நினைவாகச் ‘சித்து’ என்று பெயரிட்டு, ஒட்டுக்கன்று விற்கும் வருமானத்தில் 75 சதவீதம் அந்தக் குடும்பத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டது. மரத்தை வெட்டாமல் வைத்திருந்ததற்கு இப்படி வருமானம் வருவது நம் நாட்டில் அபூர்வம். அபூர்வமாகவே இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மோஸ்தர் ரகங்கள்

ஒரு கசப்பையும் சொல்லிவிட வேண்டும். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமனும் நாட்டு நெல்லை மறுபடி பேச வைத்தார்கள். ஜெயராமனின் முறை எளிது: 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் இறந்தார். அவர் பெயரில் பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2021-ல் தன் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது. நல்லதுதான்.

ஆனால் நகரத்து இயற்கை அங்காடியின் அலமாரியைப் பாருங்கள். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, காட்டுயானம், பூங்கார். எந்தக் கடைக்குப் போனாலும் இதே வரிசை. இவற்றைச் சாப்பிட்டால் சர்க்கரை நோயே போய்விடும் என்கிற அளவுக்கு விளம்பரம் வேறு. விலை கிடைக்கிற ஐந்தாறு பெயருக்கு எல்லோரும் மாறினால், ‘பாரம்பரியம்’ என்ற பெயரிலேயே இன்னொரு ஒற்றைப்பயிர் வந்து உட்கார்ந்துவிடும். உவர் மண்ணில் நிற்கும் குழியடிச்சானும், குறைந்த நாளில் வரும் குள்ளக்காரும், பெயர்கூட ஊர் எல்லையைத் தாண்டாத நெற்களும் யாருக்கும் விற்பனைப் பொருளாகாமல் போகும். மரபு வளம் என்றால் எண்ணிக்கை. நாலு நட்சத்திரங்களை வைத்து அதைக் காப்பாற்ற முடியாது. வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் வேறு ரகம் கேட்டுப் பார்க்கலாம். ஊரில் தெரிந்த விவசாயி இருந்தால், அவர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போடுகிற நெல்லில் ஒரு மூட்டையை அறுவடைக்கு முன்பே பேசி வைக்கலாம்.

என்ன செய்யலாம்

முதலில் வயல். விதைக்கென்று நடு வயலில் ஒரு பாத்தியை ஒதுக்குங்கள். வரப்போரம் வேண்டாம், பக்கத்து வயலின் ரகத்துக்கும் இதற்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். பூக்கும்போது ஒருமுறை, பால் பிடிக்கும்போது ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை இறங்கிக் கலவன் எடுக்க வேண்டும்: உயரம் வேறாக இருப்பது, மீசை முளைத்திருப்பது, உமி நிறம் மாறியிருப்பது. அதே நேரம், ஒரே ஒரு நல்ல கதிரைத் தேர்ந்து அதிலிருந்தே மொத்த விதையையும் எடுக்காதீர்கள். நாட்டு ரகத்தின் பலமே அதற்குள் இருக்கிற சிறுசிறு வேறுபாடுகள்தான். நூறு இருநூறு குத்திலிருந்து கதிர் சேருங்கள். இயந்திரத்தில் அறுத்தால் முந்தின வயலின் நெல்லும் சேர்ந்து வரும், ஆகவே விதைப் பாத்தியை அரிவாளால் அறுத்துத் தார்ப்பாயில் தட்டி எடுங்கள். உச்சி வெயில் தவிர்த்துக் காய வைத்து, கடித்தால் டக்கென்று உடைகிற பதத்தில் நொச்சி இலையோ வசம்போ போட்டுக் கட்டுங்கள். ரகத்தின் பெயர், ஊர், ஆண்டு எழுதிய சீட்டை மூட்டைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றும் வையுங்கள். கத்தரிக்கு நூறு மீட்டராவது விலக்கு வேண்டும், பூசணி வகைகள் தேனீயோடு இன்னும் தூரம் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசி, ஒருவருக்கு ஒரு ரகம் என்று பிரித்துக்கொள்வது சுலபம்.

அடுத்தது எழுத்து. உயிரியல் பன்மைச் சட்டம் 2002-ன் படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஓர் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேடு தயாரிக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லி, தவறினால் மாநிலங்கள் இழப்பீடு கட்ட வேண்டும் என்று எச்சரித்ததால், பல ஊர்களின் பதிவேடு அவசர அவசரமாக எழுதி முடிக்கப்பட்டது. உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அதைக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் இருக்கிற நெல், கத்தரி, அவரை, புளி, பனை, மருந்துச் செடி எல்லாம் பெயரோடு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். வெளிநாட்டு நிறுவனம் நம் விதையையோ அதைப் பற்றிய அறிவையோ எடுக்க வேண்டுமானால் சென்னை தரமணியில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். உள்ளூர் மக்களும் பயிரிடுகிறவர்களும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2023-ல் வந்த திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டுப் பண அபராதமாக மாற்றியிருக்கிறது. என் பார்வையில் அது சட்டத்தின் பல்லைப் பிடுங்கிய வேலை. ஆகவே பதிவேட்டில் இருக்கிற எழுத்துக்கு முன்னைவிட மதிப்பு கூடுகிறது.

உங்கள் குடும்பமோ ஊரோ வைத்திருக்கும் ரகத்தை, முன்பு சொன்ன 2001 சட்டத்தின் கீழ் உழவர் ரகமாகப் பதிவும் செய்யலாம். நெல்லுக்கும் மற்ற பெரும்பாலான பயிர்களுக்கும் 15 ஆண்டு, மரம், கொடிகளுக்கு 18 ஆண்டு பாதுகாப்பு. உழவருக்கு விண்ணப்பக் கட்டணமோ சோதனைக் கட்டணமோ கிடையாது, பிரிவு 44 அதைத் தள்ளுபடி செய்கிறது. விண்ணப்பத்தில் ஊராட்சிப் பன்மைக் குழுவின் தலைவர் அல்லது செயலாளர், மாவட்ட வேளாண் அலுவலர், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர், மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலர் இவர்களில் ஒருவர் கையெழுத்து வேண்டும். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் படிவமும் உதவியும் கேட்கலாம். இதில் என் தயக்கம் ஒன்று: பல மாவட்டங்களில் தலைமுறையாகப் போடுகிற ரகத்தை ஒரு தனி ஆள் தன் பெயரில் பதிவது நியாயமில்லை. குழுவாக, ஊர்ப் பெயரில் விண்ணப்பிப்பதே சரி. யாராவது உங்கள் ஊர் ரகத்தைத் தன்னுடையதென்று பதிய முயன்றால் தடுக்கவும் வழி இருக்கிறது. ஏற்றுக்கொண்ட விண்ணப்பங்களைப் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் தன் பயிர் ரக இதழில் வெளியிடும், அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். இதழ் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். வீட்டில் போன் பார்க்கிற பிள்ளைகளிடம் மாதம் ஒருமுறை அதைப் பார்க்கிற வேலையைக் கொடுக்கலாம்.

கம்பெனி புதிதாக ஒரு ரகத்தைப் பதியும்போது அதன் பெற்றோராக உங்கள் ஊர் நெல் இருந்தால், பிரிவு 26-ன் கீழ் வருமானத்தில் பங்கு கேட்கலாம், தனி ஆளாகவோ குழுவாகவோ. மரபு வளம் காத்தவர்களுக்கு விருதும் உண்டு: சமூகங்களுக்கு 10 லட்சம் ரூபாய், தனி உழவருக்கு ஒன்றரை லட்சமும் ஒரு லட்சமும்.

கடையில் வாங்கிய விதை ஏமாற்றினால்? பில், பை, அதன் மேல் இருக்கிற டேக், குவியல் எண் எல்லாவற்றையும் அறுவடை வரை எறியாதீர்கள். பயிர் வயலில் நிற்கும்போதே வேளாண் உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, வயலைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுத்த பிறகு சாட்சி இல்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கிய விதை முழுவதையும் விதைக்கிறவர் சோதனைக்கென்று மிச்சம் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. உதவி எண் 1915. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் 15100 எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பதிவு பெற்ற ரகமாக இருந்து, கம்பெனி சொன்ன விளைச்சல் வராவிட்டால் 2001 சட்டத்தின் பிரிவு 39-ன் கீழ் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்திடமே இழப்பீடு கேட்கலாம்.

கடைசியாக, யார் ‘உழவர்’ என்ற கேள்வி. பட்டா இல்லையே, குத்தகை நிலம்தானே என்று ஒதுங்குகிறவர்கள் அதிகம், பெண்கள் இன்னும் அதிகம். 2001 சட்டத்தின் விளக்கம் விரிவானது. தானே உழுது பயிரிடுபவர், ஆள் வைத்து நேரடியாகப் பார்த்துப் பயிரிடுபவர், தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ நாட்டு ரகத்தையும் காட்டினத்தையும் காத்துவரும் எவரும் அதில் உழவர்தான். கொல்லையில் அவரைக்கொடி ஏற்றி, விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்து, கேட்ட வீட்டுக்கெல்லாம் ஒரு கைப்பிடி கொடுக்கிற அம்மாவும் இதில் அடக்கம். விண்ணப்பத்தை அவர் பெயரில் எழுதுங்கள்.